கடைசி யூனிட்டுக்கு என்ன விலை?

மின்கட்டணம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்கள். தமிழ்நாட்டு வீட்டுக் கணக்குகள் எல்லாம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விலைகளின்படி போடப்பட்டவை. 2025 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம் 3.16 சதவீதம் உயர்த்தியபோது, வீடுகளுக்கான சுமையை அரசே ஏற்றுக்கொண்டது.

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். அக்கா பெங்களூரில், தம்பி டெல்லியில். மூன்று வீட்டிலும் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான்: ஒரு ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். பொங்கலுக்குக் கூடியபோது கரண்ட் பில் பேச்சு வந்தது. "எங்கள் ஊரில்தான் யூனிட் விலை குறைவு" என்று மூவரும் அடித்துச் சொல்கிறோம். யார் சொல்வது சரி?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். "எங்கள் ஊரில் யூனிட் இவ்வளவு" என்று சொல்லும்படி ஒற்றை விலை பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. நீங்கள் எவ்வளவு செலவழிக்கிறீர்களோ அதுதான் உங்கள் விலையைத் தீர்மானிக்கிறது. மளிகைக் கடையில் மூட்டையாக வாங்கினால் கிலோ விலை குறையும், மின்சாரத்தில் கூடும்.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். இது 2016 மே முதல் இருக்கிறது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். சராசரி பார்த்தால் யூனிட் 3.61 ரூபாய்தான். 2022-க்குப் பிறகு வீடுகளுக்கு நிலைக் கட்டணமும் இல்லை.

கர்நாடகம் வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே 2024 ஏப்ரலில் வீட்டு இணைப்புகளுக்கான அடுக்குகளை எடுத்துவிட்டு எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை வைத்தார்கள். 2025 ஏப்ரல் நிலவரப்படி அது 5.80 ரூபாய். அதோடு ஊழியர் ஓய்வூதியத்துக்கென 36 பைசா. தவிர, அனுமதிக்கப்பட்ட மின்பளுவில் கிலோவாட் ஒன்றுக்கு மாதம் 145 ரூபாய் நிலைக் கட்டணம். அக்கா வீட்டில் 3 கிலோவாட் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 250 வீதம் இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால், வரியைச் சேர்க்காமலே 3,950 ரூபாய். உங்கள் பில்லைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இதே அக்கா மாதம் 180 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டால் கதை மாறும். 2023-ல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். ஆனால் 200-ம் எல்லோருக்கும் கிடைக்காது. முந்தைய ஆண்டின் சராசரிச் செலவை எடுத்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி, அந்த அளவைத்தான் வீட்டுக்கு வீடு நிர்ணயித்தார்கள். அக்கா வீட்டின் அளவு 180-ஐ எட்டியிருந்தால் பில் பூஜ்யம். இரண்டு மாதத்துக்கு அது 360 யூனிட். அதே 360 யூனிட்டுக்குக் கோவையில் நீங்கள் 987 ரூபாய் கட்டுவீர்கள்.

இன்னும் மேலே போனால் தராசு மறுபடி சாயும். இரண்டு மாதத்தில் 1,500 யூனிட் ஓடும் வீட்டுக்குத் தமிழ்நாட்டில் 12,645 ரூபாய் வரும், ஏனென்றால் இங்கே 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11.55 ரூபாய். பெங்களூரில் அதே 1,500-க்கு, வரி நீங்கலாக, 10,110 ரூபாய். அதாவது சிக்கனமான வீட்டுக்குப் பெங்களூர் மலிவு, நடுத்தரச் செலவுக்குக் கோவை மலிவு, மூன்று ஏசி ஓடும் வீட்டுக்குத் திரும்பவும் பெங்களூர் மலிவு.

டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை இலவசம், 2019 ஆகஸ்டிலிருந்து. 201 முதல் 400 வரை பில்லில் பாதியை, 800 ரூபாய் உச்சவரம்புக்குள், அரசு கட்டுகிறது. அடிப்படை விலையும் முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50 என்று தாழ்வாகவே இருக்கிறது. அதன்மேல் நிலைக் கட்டணம், கொள்முதல் விலைக் கூடுதல், வரி என்று சில சேரும். அப்படியும் மாதம் 250 யூனிட் என்றால் தம்பியின் பில் பெரும்பாலும் உங்களுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் ஒரே அளவு ஓடாது. பிப்ரவரியில் பூஜ்யம் கட்டுகிற வீடு ஜூனில் 400-ஐத் தாண்டும். தாண்டியதும் மானியம் முழுவதும் போய்விடும். டெல்லியின் மின்தேவை 2024 ஜூன் 19 அன்று 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வெயிலில் வந்த பில்லையும் தம்பி காட்ட வேண்டும்; அப்போதுதான் ஒப்பீடு நியாயமாகும்.

ஆகவே அடுத்த முறை கூடும்போது "யூனிட் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "ஆண்டு முழுவதும் எத்தனை யூனிட், மொத்தம் எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கேளுங்கள். ஒன்றை மற்றதால் வகுத்தால் வருவதுதான் அவரவர் விலை.

கேள்வி: போன தடவை 498 யூனிட்டுக்கு 1,792 ரூபாய் வந்தது. இந்தத் தடவை 512 யூனிட்டுக்கு 2,141 ரூபாய். வெறும் 14 யூனிட்டுக்கு 350 ரூபாயா? மீட்டரில் கோளாறா, கணக்கில் தவறா?
— வாசகர், தாம்பரம்

பதில்: மீட்டரும் சரி, கணக்கும் சரி. 500 என்பது வெறும் எண் அல்ல, அது ஒரு வேலி. அதற்குள் இருக்கும் வரை 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கு 2.35 ரூபாய். வேலியைத் தாண்டியதும் அந்தச் சலுகை பின்தேதியிட்டுப் போய்விடுகிறது. அதே நூறு யூனிட்டுக்கும் 4.70 ரூபாய் போடுவார்கள். அதிலேயே 235 ரூபாய் கூடிவிட்டது. 500-க்கு மேல் ஓடிய ஒவ்வொரு யூனிட்டும் 8.40 ரூபாய். 500-ல் 1,805 ரூபாயாக இருப்பது 501-ல் 2,048 ரூபாய் 40 காசு ஆகும். அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய்!

இப்படிப்பட்ட வேலி பல மாநிலங்களில் ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை அடுக்கடுக்காகக் கணக்கு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த ஒரே விலை. பஞ்சாபில் 2022 ஜூலை முதல் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வரை இலவசம். 601 ஆனால் பொதுப் பிரிவு வீடுகள் எல்லா யூனிட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். டெல்லியின் வேலி 400-ல். மும்பைப் பெருநகருக்கு வெளியே மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரம் தரும் மாநில விநியோக நிறுவனத்தின் 2024-25 பட்டியலில், மாதம் 500 யூனிட்டுக்கு மேல் போகிற வீட்டின் கடைசி யூனிட் 16 ரூபாயைத் தாண்டியது.

உங்களுக்கு யோசனை ஒன்றுதான். கணக்கெடுப்பாளர் வருவதற்குப் பத்து நாள் முன்னதாக மீட்டரை நீங்களே ஒரு முறை பாருங்கள். கார்டில் உள்ள பழைய ரீடிங்கைக் கழியுங்கள். 460-ல் நின்றால் மிச்ச நாளில் ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக அணைப்பது நிச்சயம் பலன் தரும். 620-ல் நின்றால் அந்தப் பதற்றம் வேண்டாம். வேலியைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டீர்கள்.

கேள்வி: மாதாமாதம் கணக்கெடுத்தால் பில் பாதியாகக் குறையும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், திருச்சி

பதில்: இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இப்போது இரண்டு மாதத்துக்கு உள்ள 100 இலவச யூனிட்டும் மற்ற அடுக்குகளும் அப்படியே ஒவ்வொரு மாதத்துக்கும் கிடைத்தால், ஆம், குறையும். மாதம் 250 யூனிட் ஓடும் வீட்டுக்கு 470 வீதம் இரண்டு மாதத்துக்கு 940 ரூபாய்தான் வரும்; இப்போது கட்டுவது 1,805. ஆனால் இந்த மிச்சம் மாதாந்திரக் கணக்கெடுப்பால் வருவதல்ல. மானியம் இரண்டு மடங்கானதால் வருவது.

அடுக்குகளையும் சரிபாதியாக்கி, முதல் 50 யூனிட் இலவசம் என்று மாதாமாதம் கணக்கெடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு செலவழிக்கும் வீட்டுக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஏறி இறங்கும் வீட்டுக்குக் கூடுதலாகவே வரும். மார்ச்சில் 150, ஏப்ரலில் 350 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து 500 என்று பார்த்தால் 1,805 ரூபாய். பிரித்துப் பார்த்தால் முதல் மாதம் 352 ரூபாய் 50 காசு, அடுத்த மாதம் 1,912 ரூபாய் 50 காசு, மொத்தம் 2,265. மார்ச்சின் சிக்கனம் ஏப்ரலின் தாராளத்தை ஈடுகட்டுவது இரண்டு மாதக் கணக்கில்தான்.

இரண்டு மாதக் கணக்கில் உண்மையான பாதிப்பு ஒன்று உண்டு. ரீடிங் 60-ம் நாள் எடுக்காமல் 66-ம் நாள் எடுத்தால், ஆறு நாள் செலவு சேர்ந்து வீட்டை வேலிக்கு அப்பால் தள்ளிவிடும். கார்டில் உள்ள தேதிகளைப் பாருங்கள். இடைவெளி வழக்கமாகவே நீண்டால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்பது நியாயம்தான். "மாதாமாதம் கணக்கெடுங்கள்" என்று வாக்குறுதி கேட்கும்போது, "எந்த அடுக்கோடு?" என்று சேர்த்துக் கேட்பதும் நியாயம்.

கேள்வி: வாடகைக்கு இருக்கிறோம். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம். வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். "எனக்கே அந்த விலைதான் ஆகிறது" என்கிறார். நம்பலாமா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: அவர் சொல்வது பொய் இல்லாமல் இருக்கலாம், ஆனால் உங்களுக்கு அது நஷ்டம். மூன்று குடித்தனமும் ஆளுக்கு 300 யூனிட் செலவழிப்பதாகக் கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 705 ரூபாய், மொத்தம் 2,115. ஒரே மீட்டரில் 900 யூனிட்டாகச் சேர்ந்தால் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது 5,820 ரூபாய். அப்போது யூனிட்டின் சராசரி 6.47 ரூபாய். மூன்று பேரிடமும் 9 ரூபாய் வாங்கினால் 8,100. மேலே உள்ள 2,280 ரூபாய் பொது விளக்குக்கும் மோட்டாருக்கும் என்று அவர் சொல்வாரானால், அவற்றின் ரீடிங்கையும் கேளுங்கள்.

பெரிய இழப்பு அந்த 2,280 அல்ல. தனி மீட்டர் இல்லாததால் மூன்று குடும்பத்துக்கும் சேரவேண்டிய இலவச யூனிட்டும் தாழ்ந்த அடுக்குகளும் ஒரே குடும்பக் கணக்கில் கரைந்துபோனது. தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனமாக இருக்கும் பகுதிக்குத் தனி இணைப்பு கேட்க வழி இருக்கிறது. வழக்கமாக விண்ணப்பம் வீட்டுக்காரர் பெயரில்தான் போகும். அடுத்த வாடகை ஒப்பந்தம் போடும்போது முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

கேள்வி: பின்னலாடைத் தொழிலுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். வீட்டுக்கு மட்டும் மானியம் தருகிறார்கள். எங்களுக்கு ஏற்றிக்கொண்டே போகிறார்கள். வீட்டுக் கட்டணத்தின் மிச்சத்தை நாங்கள்தான் கட்டுகிறோமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: ஒரு பகுதியை நீங்கள் கட்டுகிறீர்கள், ஒரு பகுதியை அரசு கட்டுகிறது, ஒரு பகுதி கடனாக நிற்கிறது.

2022 உத்தரவில் ஆணையம் முதல் 400 யூனிட்டுக்கு வைத்த விலை 4.50 ரூபாய். இலவச 100 யூனிட், அடுத்த நூறில் பாதி விலை என்பதெல்லாம் அரசு ஈடுகட்டும் மானியம். இதோடு 20 லட்சத்துக்கும் மேலான விவசாய பம்புசெட்டுகள், குடிசைகள், கைத்தறி, விசைத்தறி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கும் மேல் அரசு கொடுக்கிறது. அது நம் வரிப்பணம்தான்.

அந்த 4.50 ரூபாயும் அடக்க விலையை எட்டவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்ப, தொழிற்சாலைக்கும் கடைக்கும் அடக்க விலையைவிட உயர்த்தி வைக்கிறார்கள். இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். உயரழுத்தத் தொழிற்சாலைக்கு யூனிட் 7 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. அதோடு கேவிஏ-வுக்கு மாதம் 550 ரூபாய்க்கும் மேல் கேட்புக் கட்டணம். உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல். 2023-ல் சிறு தொழில் முனைவோர் கோவையிலும் திருப்பூரிலும் கதவடைத்துப் போராடியது நிலைக் கட்டணத்துக்காகவும் உச்ச நேரக் கூடுதலுக்காகவும்தான்.

மத்திய அரசின் விலைக் கொள்கை, எந்தப் பிரிவின் விலையும் சராசரி அடக்கத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்கிறது. நடைமுறை அதற்குள் நிற்கவில்லை. விளைவு, வசதியுள்ள ஆலைகள் வெளியேறுகின்றன. ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைகள் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. காற்றாலை வைக்க முதல் இல்லாத ஜாப் ஒர்க் பட்டறை உள்ளேயே நிற்கிறது. அதிகம் கட்டுகிறவர் ஒவ்வொருவராக விலகும்போது, விலக முடியாதவர் தலையில் சுமை கூடுகிறது. உங்கள் கோபம் நியாயமானது. அது வீடுகளின் மீது திரும்ப வேண்டியதில்லை. யாருக்கு எவ்வளவு மானியம் என்பதை விலைப் பட்டியலுக்குள் ஒளிக்காமல் பட்ஜெட்டில் வெளிப்படையாக வைக்கச் சொல்லிக் கேட்பதே சரி.

அடக்க விலையே மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் சுரங்கத்தின் வாயிலிலேயே அனல் மின் நிலையம் நிற்கிறது. நம்முடைய வடசென்னைக்கும் தூத்துக்குடிக்கும் ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரி ரயிலில் பாரதீப் வந்து, கப்பல் ஏறி, இங்கே இறங்க வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் கூடங்குளமும் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றும் கைகொடுக்கின்றன. என்றாலும் 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டை எட்டியதே, அப்படிப்பட்ட நாட்களில் வெளிச் சந்தையில் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: எங்கட நாட்டில் மின்கட்டணம் ஒரு தவணை ஏறுது, அடுத்த தவணை இறங்குது. தமிழ்நாட்டில் பல வருசம் ஏற்றாமலே வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். எது நல்லது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்களும் பல வருடம் ஏற்றாமல் வைத்திருந்தவர்கள்தான். இலங்கையில் 2013-க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் கட்டணம் ஏறவில்லை. டொலர் தட்டுப்பாடு வந்தது, எண்ணெய் வாங்கக் காசில்லை, 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அந்த ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏற்றினார்கள். அதன்பின் செலவுக்கு ஏற்ப விலை என்ற முறை வந்தது: 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் இறக்கம், 2025 ஜனவரியில் 20 சதவீத இறக்கம், ஜூனில் 15 சதவீத ஏற்றம். மகாவலி, களனி நீரேந்துப் பகுதிகளில் மழை பெய்தால் நீர்மின்சாரம் மலிவாக வரும். மழை பொய்த்தால் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் எரிய வேண்டும். உங்கள் மின்பட்டியல் ஏறி இறங்குவதில் வானத்துக்கும் பங்குண்டு.

தமிழ்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பரில்தான் கட்டணம் உயர்ந்தது. 500 யூனிட் வீட்டுக்கு 1,130 ரூபாயாக இருந்தது ஒரே நாளில் 1,725 ஆனது. இடைப்பட்ட எட்டு ஆண்டில் நிலக்கரி விலையும் சம்பளமும் வட்டியும் நிற்கவில்லை. 2017-ல் உதய் திட்டத்தின் கீழ் மின்வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் கடன் வளர்ந்தது. வசூலிக்காமல் விட்ட தொகையை "பிறகு வசூலிக்கலாம்" என்று ஏட்டில் எழுதி வைப்பதற்கு ஒழுங்குமுறைச் சொத்து என்று பெயர். 2021-22 முடிவில் தமிழ்நாட்டின் கணக்கில் அது 89,375 கோடி ரூபாய். அடிப்படை விலையைப் பல ஆண்டுகளாகத் தொடாத டெல்லியில் 27,200 கோடி. இந்தத் தொகைகளைக் குறித்த காலத்துக்குள் தீர்க்க வழி செய்யும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் எல்லா ஆணையங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. சொத்து என்று ஏட்டில் இருப்பதை நாளைக்குக் கட்டப்போகிறவர் நுகர்வோர்தான், வட்டியோடு.

என் பதில்: அடிக்கடி வரும் சிறிய மாற்றமே நல்லது, இறக்கத்தையும் அதே நேர்மையோடு தந்தால். 2022 உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் ஆண்டுதோறும் ஜூலையில் பணவீக்கத்தை ஒட்டிச் சிறிய உயர்வு என்ற முறை வந்திருக்கிறது. விலை திடீரென்று பாய்ந்தால் குடும்பம் தன்னைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்காது. விளக்கை அணைப்பது ஒன்றே வழியாகும். 2022, 2023-ல் இலங்கையின் மின்நுகர்வே குறைந்தது. அதில் சிக்கனமும் இருந்தது, இல்லாமையும் இருந்தது.

கேள்வி: மின்நுகர்வு அதிகமுள்ள மாநிலமே வளர்ந்த மாநிலம் என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். மலிவாகக் கொடுத்தால் நுகர்வு கூடும், வளர்ச்சியும் வரும்தானே?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: பாதி உண்மை. 2023-24-ல் இந்தியாவின் தனிநபர் மின்நுகர்வு 1,395 யூனிட். தமிழ்நாடு அதற்கு மேலே, பீகார் வெகு கீழே. பட்டியலின் உச்சியில் இருப்பது தாத்ரா நகர் ஹவேலி, டாமன் டையூ என்ற சின்ன ஒன்றியப் பிரதேசம். அங்கே வீடுகளில் விடிய விடிய விளக்கெரிகிறது என்று பொருளல்ல. குறைந்த மக்கள்தொகை, நிறைய ஆலைகள்; ஆலையின் யூனிட்டையும் ஆள் கணக்கில் வகுத்துவிடுகிறார்கள். உங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் கேரளம். பெரும்பாலான வீட்டில் ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் உண்டு. ஆனால் தனிநபர் நுகர்வு தேசிய சராசரிக்குக் கீழே, பெரிய தொழிற்சாலைகள் குறைவு என்பதால். கேரளத்தைப் பின்தங்கிய மாநிலம் என்று யாராவது சொல்வார்களா?

மலிவு நுகர்வைக் கூட்டுமா என்பதற்கு அமெரிக்கா நல்ல சான்று. அங்கே மானியக் குழப்பம் குறைவு. மாநிலத்துக்கு மாநிலம் விலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 2022 கணக்குப்படி லூசியானாவில் ஒரு வீட்டின் சராசரிச் செலவு ஆண்டுக்கு 14,774 யூனிட்; நாட்டிலேயே அதிகம். ஹவாயில் 6,178, நாட்டிலேயே குறைவு. லூசியானாவில் யூனிட் 13 சென்ட் அளவில், ஹவாயில் 40 சென்ட்டுக்கும் மேல். லூசியானாவின் காலடியில் இயற்கை எரிவாயு. ஹவாய்த் தீவுகளுக்கு எண்ணெய் கப்பலில் வர வேண்டும். விலை மட்டும் காரணம் என்று முடித்துவிடாதீர்கள். லூசியானாவில் புழுக்கம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதும் பெரும்பாலும் மின்சாரத்தில். ஹவாயில் கடற்காற்று, கூரைகளில் சோலார். மூன்று மடங்கு விலை இருந்தும் ஹவாய்க்காரரின் பில் மூன்று மடங்காக இல்லாததற்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம்.

ஆகவே ஒரு பிரதேசத்தின் மின்நுகர்வைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: வீடு எவ்வளவு, ஆலை எவ்வளவு, வெயில் எவ்வளவு? அவற்றுக்குப் பதில் தெரியாமல் வளர்ச்சியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பீகாரில் 2025 ஆகஸ்ட் முதல் மாதம் 125 யூனிட் இலவசம். அதனால் வீட்டில் மின்விசிறி கூடலாம். ஆலை வர வேண்டுமென்றால் நாள் முழுவதும் தடையில்லாத மின்சாரம் வேண்டும், அதற்குப் பணம் கட்டும் ஆளும் வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வருகிறது. சோலார் போடலாமா, புது ஃபேன் வாங்கலாமா, 5 ஸ்டார் ஏசிக்கு மாறலாமா? எதில் காசு மிச்சம்?
— வாசகர், மதுரை

பதில்: எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் வீட்டில் ஓடும் கடைசி யூனிட்டின் விலை என்ன என்று பாருங்கள். மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் மேலிருந்துதான் கழியும். சராசரி விலையில் கழியாது.

உங்கள் 600 யூனிட்டுக்கு இப்போது 2,880 ரூபாய். பழைய ஃபேன் ஓடும்போது 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள் முடித்துவிடும். நான்கு ஃபேனை மாற்றி, ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 108 யூனிட் மிச்சம். 600 என்பது 492 ஆகும், பில் 1,755 ரூபாய் ஆகும். 108 யூனிட்டுக்கு 1,125 ரூபாய் மிச்சம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கும் மேல். வேலிக்கு உள்ளே வந்துவிட்டதால்தான் இவ்வளவு. முதலில் கேள்வி கேட்ட கோவை வாசகியின் அக்கா பெங்களூரில் இதே நான்கு ஃபேனை மாற்றினால், கிருஹ ஜோதி அளவுக்குள் வராத வரை, 665 ரூபாய்தான் மிஞ்சும்.

ஏசி பழையதாகி மாற்றும் வேளை வந்துவிட்டால் 5 ஸ்டார் வாங்குங்கள்; நன்றாக ஓடுகிற 3 ஸ்டாரைக் கழற்றிப் போட வேண்டாம், உங்கள் அளவுக்கு அந்த முதல் திரும்பிவர வெகுகாலம் ஆகும்.

சோலார் நல்லது; ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு நல்லதல்ல. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடும் வீடு 3 கிலோவாட் போட்டால், 720 யூனிட் கழிந்து, 6,870 ரூபாய் பில் தோராயமாக 600 ரூபாய்க்கு இறங்கும். அதே வீட்டுக்குப் பக்கத்தில் 300 யூனிட் ஓடும் வீட்டில் பில்லே 705 ரூபாய்தான். அவர்கள் லட்சக்கணக்கில் போட்டு எதை மிச்சம் பிடிப்பது? உங்கள் நிலை இரண்டுக்கும் நடுவே. முதலில் ஃபேனை மாற்றுங்கள். இரண்டு பில் பாருங்கள். அதன்பிறகும் 500-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஒன்றரை, இரண்டு கிலோவாட் சோலாருக்கு விலை கேளுங்கள். ஃபேன் மாற்றி 500-க்குள் வந்துவிட்டால் உங்கள் கடைசி யூனிட் 8.40 ரூபாயிலிருந்து 6.30-க்கு இறங்கிவிடும். சோலார் விற்பவர் முதலீடு எத்தனை வருடத்தில் திரும்பும் என்று கணக்குக் காட்டும்போது, அந்தப் புது விலையை வைத்துப் போடச் சொல்லுங்கள்.